நாய்க்கு வயிறு கெட்டால்: கஞ்சியில் தீருவது எது, தீராதது எது?



தோட்டத்தில் நாய் வளர்க்காத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். விடியற்காலையில் பிரட்டுக்குப் போகிறவர்களுக்கு முன்னால் ஓடுவது நாய். செம்பனைக் காட்டுக்குள் பாம்பைக் கண்டு நமக்கு முன்பே குரைப்பது நாய். பெரியவர்கள் வேலைக்குப் போனபின், லயத்து வாசலில் விளையாடும் பிள்ளைகளுக்குத் துணையாகப் படுத்திருப்பதும் நாய்தான். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோனவர்கள்கூட ஜார்ஜ் டவுனிலும் பட்டர்வொர்த்திலும் நிபோங் திபாலிலும் ஒரு நாயை வாசலில் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். பழக்கம் அப்படி.

அந்த நாய் ஒருநாள் சுருண்டு படுத்துக்கொள்கிறது. "ராத்திரியிலேருந்து வயித்தால போகுது, ஒரு வாய் சோறு திங்கல. என்னண்ணே செய்றது?" என்று பக்கத்து வீட்டாரைக் கேட்கிறோம். கேட்ட மாத்திரத்தில் நான்கு யோசனைகள் வந்து விழும். "விளக்கெண்ணெய் ஊத்து, எல்லாம் வெளியே வந்திடும்" என்பார் ஒருவர். "மஞ்சளைக் கரைச்சு ஊத்துங்க தங்கச்சி" என்பார் இன்னொருவர். "எச்சி ஒழுகுதே, எலும்பு சிக்கியிருக்கும், கையை விட்டு எடு" என்பார் மூன்றாமவர். "நாய்தானே, புல்லைத் தின்னா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு நாலாமவர் நடையைக் கட்டுவார்.

இந்த நான்கில் எதுவும் வைத்தியம் இல்லை. அதிலும் இரண்டு, நாயின் உயிருக்கோ நம் உயிருக்கோ உலை வைக்கக்கூடியவை. அவை எவை என்பதைப் போகப் போகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு நல்ல செய்தி. நன்றாக வளர்ந்த நாய்க்கு வரும் வயிற்றுக் கோளாறில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாளில் வீட்டிலேயே தீர்ந்துவிடும். அதற்கு வேண்டியவை தண்ணீர், குழைந்த சோறு, நம்முடைய கவனம் ஆகிய மூன்றுதான். கெட்ட செய்தி என்னவென்றால், மீதியுள்ள சில வகைகள் கஞ்சிக்கு மசியாதவை. அவற்றில் ஒரு பகல் தாமதித்தாலும் நாய் கையை விட்டுப் போய்விடும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதே இன்றைய பாடம்.

வயிறு ஏன் கெடுகிறது?

பெரும்பாலும் வாயால்தான். குப்பைத் தொட்டியைக் கிளறித் தின்பது, செத்த எலியைக் கடிப்பது, பழைய மீன் தலையை விழுங்குவது, திடீரென்று சாப்பாட்டை மாற்றுவது இவையெல்லாம் வழக்கமான காரணங்கள். தீபாவளிக்கு மறுநாளும் கலியாண வீட்டு விருந்துக்கு மறுநாளும் நாய்களுக்கு வயிறு கெடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆட்டுக்கறிக் கொழுப்பும் மிளகாயும் எண்ணெயும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. கொழுப்பு மிகுந்த விருந்து சில நாய்களுக்குக் கணைய வீக்கத்தையே உண்டாக்கும். அப்போது நாய் வயிறு வலி தாங்காமல் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும், விடாமல் வாந்தி எடுக்கும்.

பினாங்கில் வேறு சில வினைகளும் உண்டு. நாசி கண்டார் பொட்டலத்தில் மிஞ்சியதை அப்படியே நாய்க்குப் போடுகிறோம். அதில் வெங்காயமும் பூண்டும் அரைத்துக் கரைத்த குழம்பு இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சத்தே குச்சியில் கறி வாசம் இருப்பதால் குச்சியோடு விழுங்கிவிடும். டுரியான் காலத்தில் கொட்டையையும், ரம்புத்தான் காலத்தில் விதையையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். "நாய்க்கு எலும்பு போடாம வேறென்ன போடுறது?" என்று கேட்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

கேசரியிலும் பாயசத்திலும் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இருதயத்தைப் பாதிக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு, கொஞ்சம் போனாலே நாயைச் சாய்த்துவிடும்.

முதலில் பாருங்கள், பிறகு செய்யுங்கள்

நாய்க்கு வயிறு சரியில்லை என்று தெரிந்ததும் எதையும் ஊற்றாதீர்கள். நிதானமாக ஐந்து காரியங்களைப் பாருங்கள்.

ஒன்று, அதன் சுறுசுறுப்பு. கூப்பிட்டால் வாலாட்டுகிறதா, எழுந்து வருகிறதா? வயிற்றால் போனாலும் நாய் தெளிவாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இரண்டு, ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்திருந்தாலும், மஞ்சளாக இருந்தாலும், பசைபோல ஒட்டினாலும் அது நல்லதற்கில்லை. (கறுப்பு ஈறுள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்.) ஆனால் நாய் எச்சில் வடித்துக்கொண்டிருந்தாலோ, அதன் போக்கு மாறியிருந்தாலோ வாய்ப்பக்கமே கையைக் கொண்டு போகாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

மூன்று, தோல். தோள்பட்டைக்கு மேலே உள்ள தோலை இழுத்து விடுங்கள். உடனே படிந்துவிட்டால் உடம்பில் நீர் இருக்கிறது. கூடாரம்போல நின்று மெல்ல இறங்கினால் நீர் வற்றிவிட்டது.

நான்கு, கழிவு. கழிவைப் பார்ப்பதில் அருவருப்பு வேண்டாம். தோட்டத்து டிரெஸ்ஸர் நம்மிடமே அதைத்தானே முதலில் கேட்பார்? தண்ணீராகப் போகிறதா, சளியோடு போகிறதா, சிவப்பு இரத்தம் இருக்கிறதா, தார்போலக் கறுத்திருக்கிறதா, புழு நெளிகிறதா என்று பாருங்கள்.

ஐந்து, வயிறு. அது பறைபோல உப்பி, நாய் ஓங்கரித்து ஓங்கரித்து ஒன்றும் வெளியே வராமல் தவித்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். பெரிய ஜாதி நாய்களுக்கு இது அதிகம் வரும். அந்த நிமிடமே வண்டியைப் பிடிக்க வேண்டியதுதான்.

வீட்டு வைத்தியம்

நாய் வளர்ந்தது, தெளிவாக இருக்கிறது, இரத்தம் இல்லை, ஒன்றிரண்டு முறை வாந்தியோ பேதியோ ஆனது. இப்படியானால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வாந்தி எடுத்திருந்தால் வயிற்றுக்குச் சற்று ஓய்வு கொடுங்கள். எட்டு மணி நேரம், அதிகம் போனால் பன்னிரண்டு மணி நேரம் சாப்பாடு வேண்டாம். நாள் கணக்கில் பட்டினி போடுவது பழைய முறை. இப்போது மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வாந்தி இல்லாமல் பேதி மட்டும் என்றால் பட்டினியே தேவையில்லை. குட்டிகளைப் பட்டினி போடவே கூடாது. அவற்றின் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துவிடும்.

தண்ணீரை நிறுத்தாதீர்கள். அதே சமயம் ஒரு வாளியை முன்னால் வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம். தாகத்தில் மளமளவென்று குடித்து எல்லாவற்றையும் மறுபடி கக்கிவிடும். கடைசி வாந்திக்குப் பிறகு சிறிது நேரம் விட்டு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் வையுங்கள். அது தங்கினால் அரை மணிக்கு ஒரு தரம் அதே அளவு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் அது வீட்டில் பார்க்கிற நோயல்ல.

சாப்பாட்டுக்குக் குழைந்த வெள்ளைச் சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் கொழுப்பும் நீக்கி வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்து கொடுங்கள். கோழி இல்லாவிட்டால் அவித்த முட்டை போதும். ஒரு கரண்டி வேகவைத்த பூசணிக்காயையும் மசித்துச் சேர்க்கலாம்; கழிவை இறுக்கும். உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு, தாளிப்பு எதுவும் வேண்டாம். நமக்கு ருசிக்காத கஞ்சிதான் நாய் வயிற்றுக்கு மருந்து. ஒரு வேளைச் சாப்பாட்டை நான்கைந்தாகப் பிரித்துக் கொடுங்கள். கழிவு இறுகிய பின்னும் இரண்டு நாள் இதையே கொடுத்து, அப்புறம் பழைய சாப்பாட்டைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று கலந்து கொண்டு வாருங்கள்.

பால் வேண்டாம். டின் பாலும் வேண்டாம். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, பேதியைக் கூட்டும்.

நம் மருந்து நாய்க்கு ஆகாது

நம் வீட்டு அலமாரியில் இருப்பதை நாய்க்குக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அன்பால்தான் செய்கிறோம். ஆனால் அன்பு வேறு, அளவு வேறு. காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமால் அளவு மீறினால் நாயின் ஈரலைக் கெடுக்கும். மூட்டு வலிக்குப் போடும் இபுபுரோபன் குடலில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பேதியை நிறுத்தும் மனித மாத்திரை, விஷத்தாலோ கிருமியாலோ வந்த பேதியில் விஷத்தை உள்ளேயே அடைத்து வைத்துவிடும். நாம் வயிற்று வலிக்கு விழுங்கும் சீனக் கடை உருண்டைகளும் வேண்டாம். வயிற்றில் தைலம் தேய்த்தால் நாய் அதை நக்கி விழுங்கும். அதுவும் கெடுதிதான்.

இனி விளக்கெண்ணெய்க்கு வருவோம். முன்பே நீர் வற்றிக் கிடக்கும் நாய்க்குப் பேதி மருந்து கொடுப்பது, கசியும் பானையில் இன்னொரு ஓட்டை போடுவது போலத்தான். சோர்ந்த நாயின் வாயைப் பிளந்து எண்ணெயோ பாலோ ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். உப்புக் கரைசலை ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் அதேபோல ஆபத்து. உப்பே விஷமாகிவிடும். நான்கு யோசனைகளில் உயிரைக் குடிக்கும் யோசனை ஒன்று இது. மஞ்சள் கரைசலால் இந்த நோய் தீராது, காலம்தான் வீணாகும். புல்லை நாய் தானாகத் தின்றால் தின்னட்டும். அது நாயின் இயல்பு. ஆனால் மருந்து அடித்த புல்லில் அதை விடாதீர்கள்.

குட்டிக்கு இரத்தப் பேதி வந்தால்

1978ஆம் ஆண்டு வாக்கில் உலகுக்குப் புதிதாக ஒரு நாய் நோய் தலைகாட்டியது. இரண்டே ஆண்டில் கண்டம் விட்டுக் கண்டம் பரவி, எண்ணற்ற குட்டிகளைக் கொன்றது. அதன் பெயர் பார்வோ. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளையே அது அதிகம் தாக்கும். முதல் நாள் குட்டி சோர்ந்து படுக்கும், மறுநாள் வாந்தி, அதன்பின் குடலைப் புரட்டும் நாற்றத்தோடு இரத்தம் கலந்த பேதி. வைத்தியம் பார்க்காமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் சில நாளிலேயே இறந்துவிடும். ஊசி வழியாக நீர் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடனிருந்து பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவை பிழைக்கும். ஆகவே குட்டிக்கு இரத்தப் பேதி என்றால் கஞ்சி வைக்க அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பார்வோ கிருமி லேசில் சாகாது. நிழலான ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நம் செருப்பிலும் மோட்டார் சைக்கிள் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போய்விடும். சோப்பு போட்டுக் கழுவினால் மட்டும் போதாது. தரையையும் தட்டையும் முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, குளோரோக்ஸ் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். (கக்கூஸ் கழுவும் அமிலத்தோடு குளோரோக்ஸைக் கலக்காதீர்கள், நச்சுப் புகை வரும்.) ஒரு குட்டி அப்படி இறந்த வீட்டுக்கு, ஊசி போடாத இன்னொரு குட்டியை உடனே கொண்டு வராதீர்கள்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் முடியும்வரை போட வேண்டும். "ஒரு ஊசி போட்டாச்சே" என்று பாதியில் நிறுத்துகிறவர்களின் குட்டிதான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறது. தாய்ப்பாலின் காப்பு இருக்கும் வரை முதல் ஊசி முழுதாக வேலை செய்வதில்லை என்பதே அதற்குக் காரணம்.

புழு: நாய்க்கும் நமக்கும் பொது எதிரி

கொக்கிப்புழு என்ற பெயர் நம் பாட்டன் பூட்டன் காலத்துத் தோட்டங்களுக்குப் புதிதல்ல. வெறுங்காலோடு ரப்பர்க் காட்டில் நடந்த நம்மவர்கள் சோகை பிடித்துச் செத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவக் குழு, மலாயா, ஜாவா, பீஜித் தீவு ஆகிய இடங்களில் இந்தப் புழுவைப் பற்றியே ஆராய்ந்தது. காலில் செருப்பும் வீட்டில் கக்கூசும் வந்தபின் மனிதரிடம் அது குறைந்தது. நாய்களிடம் இன்னும் குறையவில்லை.

கொக்கிப்புழு நாயின் குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும். கழிவு கறுத்துப்போகும், ஈறு வெளுக்கும், குட்டி வயிறு தள்ளி எலும்பும் தோலுமாய் நிற்கும். நாய் கழித்த ஈர மண்ணில் பிள்ளைகள் வெறுங்காலோடு நடந்தால், புழுவின் குஞ்சு தோலுக்குள் புகுந்து கோடு கோடாக அரிப்பெடுக்கும். நாய்க் கொக்கிப்புழுவில் ஒரு வகை, நம் வயிற்றிலும் குடியேறி வளரக்கூடியது. அதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரில் 'சிலோன்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது நம் மலேசியாவிலும் நன்றாகவே வாழ்கிறது.

நாய்க்குட்டி பிறக்கும்போதே தாயிடமிருந்து உருண்டைப் புழுவை வாங்கிக்கொண்டுதான் வருகிறது. தாய்ப்பாலிலும் புழு வரும். ஆகவே இரண்டு வார வயதிலேயே புழு மருந்து தொடங்க வேண்டும். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கொடுப்பது நல்ல வழக்கம். அளவு நாயின் எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துப் பார்த்தால் எடை தெரிந்துவிடும்.

எலிச் சிறுநீரால் வரும் நோயையும் மறந்துவிடக்கூடாது. ஊரில் 'கென்சிங் திக்குஸ்' என்று சொல்கிறோமே, அதே நோய் நாய்க்கும் வரும். வாந்தி, காய்ச்சல், கண்ணும் ஈறும் மஞ்சளாவது அதன் அடையாளங்கள். அந்த நாயின் சிறுநீரிலிருந்து நமக்கும் ஒட்டும். கழிவைச் சுத்தம் செய்யும்போது கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு சோப்பால் கழுவுங்கள். பிள்ளைகளை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

தோட்டத்து விஷங்கள்

பட்டணத்து நாய்க்கு இல்லாத ஓர் ஆபத்து தோட்டத்து நாய்க்கு உண்டு. எல்லா வாந்தியும் அஜீரணம் அல்ல. சில வாந்தி விஷம்.

செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டி தானியம் கலந்து செய்யப்படுவது. நாய்க்கு அது தின்பண்டம்போலத் தோன்றும். இதில் வஞ்சகம் என்னவென்றால், தின்ற அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்துபோகும், ஈறு வெளுக்கும், மூக்கிலோ கழிவிலோ இரத்தம் வரும். இரத்தம் உறையும் தன்மையை அந்த மருந்து கெடுத்துவிடுவதே காரணம். இதற்கு மாற்று உண்டு, வைட்டமின் கே1. அதை மருத்துவர் வாரக்கணக்கில் கொடுத்தால் நாய் பிழைக்கும். ஆகவே கட்டியைத் தின்றதைக் கண்ணால் கண்டால், "நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடாதீர்கள். அன்றே போங்கள். கட்டியின் உறையோ பெயரோ கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

புல் மருந்து இன்னொன்று. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. மனிதனானாலும் நாயானாலும் வாய் புண்ணாகி, வாந்தி எடுத்து, முடிவில் நுரையீரல் பழுதாகிவிடும். பழைய டின்னோ போத்தலோ வீட்டுப் பின்புறம் எங்காவது கிடந்தால், தண்ணீர் பிடிக்கவோ நாய்க்குத் தீனி வைக்கவோ அதை எடுக்கவே கூடாது.

காட்டுப்பன்றிக்கென்று பூச்சி மருந்து கலந்து வைக்கும் இரையும் நாயைக் கொல்லும். வாயில் நுரை, கண்ணில் நீர், தண்ணீராகப் பேதி, உடம்பெல்லாம் துடிப்பு. இது நிமிடக் கணக்கு. வீட்டில் எதையும் ஊற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. வேண்டுமென்றே விலங்குக்கு விஷம் வைப்பது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எச்சில் ஒழுகினால் கையை விடாதீர்கள்

மூன்றாமவர் சொன்ன யோசனைக்கு வருகிறோம். நான்கில் மிகவும் ஆபத்தானது அதுதான்.

2015 ஜூலை மாதக் கடைசியில் பெர்லிஸில் வெறிநாய் நோய் தலைகாட்டியது. அடுத்து கெடா. செப்டம்பரில் நம் பினாங்கு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தீபகற்பம் மறந்திருந்த நோய் அது. தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது. தடுப்பூசி போட்டால் போதும், கொல்ல வேண்டாம் என்று விலங்கு நேசர்கள் எதிர்த்தார்கள். அந்தச் சர்ச்சை ஜார்ஜ் டவுனில் மட்டுமல்ல, நாடு முழுவதும் கேட்டது. வளர்ப்பு நாய்களுக்கும் தடுப்பூசி போடச் சொல்லிக் கால்நடைச் சேவைத் துறை அலைந்தது. 2017இல் அதே நோய் சரவாக்கில் புகுந்து பல மனித உயிர்களைக் குடித்தது.

இதை ஏன் வயிற்றுக் கோளாறு பற்றிய கட்டுரையில் சொல்கிறோம்? வெறிநோய் கண்ட நாயெல்லாம் கடிக்க ஓடி வரும் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. ஒரு வகையில் நாய் அமைதியாக மூலையில் ஒதுங்கும். சாப்பிடாது. தாடை தொங்கும். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். குரல் மாறிவிடும். பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலவே இருக்கும். பாசத்தோடு கையை உள்ளே விட்டால், விரலில் உள்ள சின்னக் கீறல் வழியாக அந்த எச்சில் போதும். நோயின் அடையாளம் மனிதரிடம் வெளிப்பட்ட பிறகு அநேகமாகப் பிழைத்தவர் இல்லை.

ஆகவே எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயைத் தொடாதீர்கள். பிள்ளைகளை விலக்குங்கள். முடிந்தால் கதவைச் சாத்தி அடைத்து வைத்துவிட்டுக் கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். உண்மையிலேயே எலும்புதான் சிக்கியிருந்தாலும் அதை எடுக்க வேண்டியவர் மருத்துவரே. கடிபட்டாலோ, எச்சில் புண்ணில் பட்டாலோ உடனே குழாய்த் தண்ணீரைத் திறந்து விட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பிறகு நேராக ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரிப்பு எதற்கும் நிற்காதீர்கள். நேரத்தோடு போடும் ஊசி உயிரைக் காக்கும்.

எப்போது கட்டாயம் போக வேண்டும்?

இதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால். கழிவிலோ வாந்தியிலோ இரத்தம் இருந்தால், அல்லது கழிவு தார்போலக் கறுத்தால். குடித்த தண்ணீரும் தங்காவிட்டால். வாந்தி ஒரு நாளைத் தாண்டினால், பேதி இரண்டு நாளைத் தாண்டினால். ஈறு வெளுத்தால் அல்லது மஞ்சளானால். வயிறு உப்பி ஓங்கரித்தால். உடம்பு துடித்தால், தள்ளாடினால். விஷமோ கொட்டையோ குச்சியோ விழுங்கியது தெரிந்தால். நாய் சினையாகவோ கிழமாகவோ இருந்தால். இவற்றில் ஒன்று போதும், கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை

"நாய்க்கு டாக்டரா? நம்ம புள்ளைங்களுக்கே பார்க்க முடியலையே!" என்று ஓர் அம்மா கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. ஒரு குட்டியைச் சில நாள் கிளினிக்கில் படுக்க வைத்தால் அதில் பெரும் பங்கு கரைந்துவிடும். அதனால்தான் சொல்கிறோம்: வந்தபின் செலவழிப்பதைவிட வருமுன் செலவழிப்பது மலிவு. தடுப்பூசி, புழு மருந்து இரண்டும் போட்ட நாய்க்கு இங்கே சொன்ன பயங்கரங்களில் பாதி வராது. ஒரு லயத்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் நாய்களைக் கொண்டு போனால் வண்டிச் செலவும் பங்காகும். புறப்படுமுன் போன் போட்டு நாயின் நிலைமையைச் சொல்லி, எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. உள்ளூராட்சி மன்ற லைசென்ஸையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். கழுத்தில் பட்டையும் லைசென்ஸும் உள்ள நாய் யாருடையது என்று உடனே தெரியும்.

கடைசியாக ஒன்று. நாய்க்கு வாய் இல்லை, வயிறு மட்டும்தான் இருக்கிறது என்பார்கள். "எனக்கு வலிக்கிறது" என்று அது சொல்லாது. சாப்பாட்டுத் தட்டைத் திரும்பிப் பார்க்காமல் படுப்பதுதான் அது சொல்லும் செய்தி. அதைப் படித்துக்கொள்ள டாக்டர் படிப்புத் தேவையில்லை. தினமும் ஒரு நிமிடம் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கும் பழக்கம் போதும். நல்லபடியாக இருக்கும்போது ஈறு எந்த நிறம் என்று தெரிந்தவருக்குத்தானே அது வெளுத்ததும் தெரியும்? இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், வாலாட்டிக்கொண்டு வரும் நாயை உட்கார வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.